முனியாண்டிக்கு வைத்த இரண்டாவது இலை

கவி, சாப்பிட்டாயா?

இதைக் கேட்காமல் எனக்கு அடுத்த வரி வராது. பயிற்சி என்று உன்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துக்கொண்டு போனவர்கள் காலையில் ரொட்டி, மத்தியானம் இலை தழை, ராத்திரி சூப் என்று கொடுத்து ஆளையே உருக்கிவிட்டார்கள். வீடியோ காலில் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. உன் அம்மா கேட்டதற்கு "லைட் அப்படிமா" என்று சமாளித்தாய். அவளைச் சமாளித்துக்கொள், என்னிடம் நடக்காது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். நான் அவ்வளவு நிறுத்தி நிதானமாகப் பேசியது உன் காதில் கோழிக்குஞ்சு கத்துவது மாதிரி விழுந்திருக்கிறது. போகட்டும். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, மலாக்கா பத்து பெரண்டாமில் உங்கள் பேக்டரிக்கு எதிரே மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களோடு மெர்லிமாவ் தோட்டத்துக்கு வந்து, அந்தச் சூடு பார்க்கிற கேமராவைக் காட்டிவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு அங்கே ஒன்று நடந்தது. உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. "புள்ள நிம்மதியா வெளிநாடு போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது உன் அம்மாவின் கட்சி. போய்ச் சேர்ந்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம் என்பது என் கட்சி. இதனால் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு வைக்கிறாள்; ஆனால் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் திட்டு விழுகிறது. கம்பெனி உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிற அந்த எல்லைக் கோபுர வேலைக்கு நீ இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை, வருகிற திங்கட்கிழமைதான் கடைசிப் பதில் கேட்பார்கள் என்றாய். பதில் சொல்வதற்கு முன் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் நியாயம்.

நீ எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் பல்கலைக்கழகக் கதை சொல்வதில்லை. பஸ் கதைதான் சொல்வேன். தமிழ்ப்பள்ளி விட்டதும் உன்னை இந்த பஸ்ஸில் ஏற்றிக்கொள்வேன். மதிய ஷிப்ட் அக்காமார்கள் உன் பின்னலை அவிழ்த்து, எண்ணெய் வைக்காமல் அனுப்பிய உன் அம்மாவைத் திட்டிக்கொண்டே மறுபடி பின்னிவிடுவார்கள். நீ செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பாய். சரக், சரக் என்று அந்தச் சத்தம் வந்தால் கண்ணாடியைப் பார்க்காமலே கதவைத் திறப்பேன். "காலத் தூக்கி வச்சி நட, செருப்பு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கத்துவேன். ஒரு நாளும் நீ கேட்டதில்லை. இன்றைக்கு எஞ்சினியரம்மா ஆகியும் அப்படித்தான் நடக்கிறாய்.

அவர்கள் எல்லாரும் இறங்கிப்போன பிறகு உனக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டே வருவாய். "ப்பா, இங்க இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போயிருக்காங்க, சூடா இருக்கு. இங்க யாரும் உக்காரல, சில்லுனு இருக்கு" என்பாய். கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, இது குண்டு அக்கா சீட்டு, இது ஒல்லி அக்கா சீட்டு என்றுகூடச் சொல்வாய். நான் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். ஒருவர் உட்கார்ந்து எழுந்து போன சூட்டை வைத்து அவரை நினைத்துப் பார்க்கிற பிள்ளை நீ. உன் கேமராவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் முதலில் வரும்.

அப்புறம் அந்தப் பெருந்தொற்றுக் காலம். கடைத்தொகுதி வாசலில் காய்ச்சல் பார்க்கிற கேமரா வைத்தார்களே, அதில் உள்ளே இருக்கிற முக்கியமான பகுதி உங்கள் பேக்டரியில் செய்தது, அதில் உன் கையும் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்கிற நேரத்தில்கூட அந்தக் கேமரா முன்னால் போய் நிற்பேன். காவலாளி, "அங்கிள், ஓகே, மாசுக், மாசுக்" என்று உள்ளே போகச் சொன்னால், "என் மக செஞ்சதுய்யா இது" என்பேன். அவர் நேப்பாளத்துக்காரர். அவருக்கு என்ன புரிந்ததோ, எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதை எத்தனை தடவை சொன்னேன் என்று அவளைக் கேட்டுப் பார். காய்ச்சல் இருக்கிறவனைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற சாமான். அதைச் செய்கிற பிள்ளையைப் பெற்றவன் நான். இதற்குமேல் என்ன வேண்டும்?

காய்ச்சல் ஓய்ந்தது, கேமராவுக்கும் ஆள் இல்லாமல் போனது. பேக்டரியை மூடிவிடுவார்கள் என்று பஸ்ஸில் அழுகைச் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் அந்த வெளிநாட்டு ஆயுதக் கம்பெனி வந்து மொத்தமாக வாங்கியது. ஆயுதம் என்று யாரும் சொல்லவில்லை, 'பாதுகாப்பு' என்றார்கள். வேலை போகவில்லை, சம்பளம் கூடியது, எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஒரே ஒரு மாற்றம், கேட்டில் என் பஸ்ஸுக்கு அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி கட்டிய கம்பியை விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமாக என்னோடு தேத்தண்ணி குடித்த அதே காவலாளிதான், குனிந்து குனிந்து பார்க்கிறான். "என்னய்யா தேடுற, குண்டா?" என்றேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, புது ரூல் லா" என்றான். குண்டு செய்கிறவர்களுக்குத்தான் குண்டு பயம் அதிகம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்போது அதை வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

ஆயர் குரோ ஹோட்டலில் அவர்கள் கொடுத்த ஆண்டு விருந்து உனக்கு நினைவிருக்கும். நான் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டு, அதற்கு உன் அம்மா இஸ்திரி போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்தோம். மேஜைமேல் ஒரு பொம்மைக் கோபுரம் வைத்திருந்தார்கள், உச்சியில் சின்ன விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னாமா, லைட் ஹவுஸா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, எல்லைக் கோபுரம். இருட்டு, மழை, புகை எதுவா இருந்தாலும் ஒடம்புச் சூட்ட வச்சி ஆளக் கண்டுபிடிச்சிடும். ராத்திரி முழுக்க ஒக்காந்து பாக்க ஆள்கூட வேணாம், கம்ப்யூட்டரே சொல்லிடும்."

"கண்டுபிடிச்சி?"

"வாங்குன நாட்டுக்காரங்களுக்குச் சொல்லும். அதோட எங்க வேல முடிஞ்சிது."

அந்தக் கோபுரத்தோடு உன்னை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். வெளிநாட்டு முதலாளி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, உன் மகள் மூளைக்காரி என்றார். நெஞ்சு நிறைந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைத்து அந்தப் படத்தை ஓடவிட்டார்கள். முதல் பாதியில் ராக்கெட் கிளம்பிப் போகிறது, எங்கேயோ ஒரு கட்டடம் பொலபொலவென்று உதிர்கிறது, மேளம் மாதிரி இசை. இரண்டாம் பாதியில் அமைதியான இசை, முள்வேலி, இந்தக் கோபுரம், திரையில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருவங்கள் நடந்து வருகின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுகிறது. கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினேன்.

"கவி, ஓட வைக்கிற சாமானும் இவங்க விக்கிறதுதானா? ஓடி வர்றவனப் பிடிக்கிற சாமானும் இவங்க விக்கிறதுதானா?"

"ப்பா, மெதுவா. பாஸ் நிக்கிறாரு."

"அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"உங்க மொகம் தெரியுதுல்ல!"

புக்கிட் பெருவாங் வீடு வந்து சேரும்வரை காரில் சண்டை போட்டோம். நாங்கள் செய்யாவிட்டால் வேறொரு கம்பெனி செய்யும் என்றாய். கடலில் தத்தளிக்கிறவனைக்கூட இந்தக் கேமராதான் கண்டுபிடித்துக் காப்பாற்றும் என்றாய். அது உண்மைதான், நான் ஒத்துக்கொண்டேன். அப்படி யாரையாவது படகில் தூக்கிப் போடுகிற மாதிரி அந்தப் படத்தில் ஒரு காட்சி இருந்ததா என்று கேட்டேன். பிறகு, "கேமரா காட்டும்பா. பாத்துட்டு லைஃப்போட் அனுப்பறதா, போலீஸ் அனுப்பறதான்றது வாங்குனவங்க முடிவு" என்றாய். விற்கும்போது அதை யாரும் கேட்க மாட்டார்களா என்றேன். "விக்கிறவங்க அதெல்லாம் கேக்கமாட்டாங்கப்பா" என்று நீயே சொன்னாய். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை நீ. அந்த ஒரு குணத்துக்காக உன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சீக்கிரம் இறங்கிவிடும்.

இப்போது முனியாண்டிக்கு வருகிறேன். உன் அம்மா பிறந்த தோட்டத்தின் கடைசியில், செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில், பெரிய மரத்தடியில் சூலத்தோடு இருக்கிறாரே, எல்லைச் சாமி. அவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமமான கம்போங், அதற்கப்புறம் சதுப்பு, கடல். அமாவாசைக்கு அமாவாசை விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மாமா அங்கே படையல் போடுகிறார். சேவல் கறி, முட்டை, சுருட்டு, ஒரு கறுப்பு பீர். வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால் நடந்ததுதான், யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமி சாப்பிடும்போது பார்த்தால் அவருக்குக் கோபம் வரும் என்று உனக்கும் சின்ன வயதில் சொல்லித்தான் இழுத்துக்கொண்டு வந்தோம்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. சில வருஷமாக அங்கே இரண்டாவதாக ஒரு இலை வைக்கிறோம். சூலத்துக்கு முன்னால் இல்லை, கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் பக்கமாக. அதில் கறி கிடையாது, பீர் கிடையாது. சோறு, பருப்பு, பொரித்த முட்டை, நெத்திலி சம்பல், ஒரு பிஸ்கட் பாக்கெட். ஆரம்பித்தது உன் அம்மாதான். முதல் தடவை உன் மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "ஏ புள்ள, முனியாண்டி எப்ப கறியையும் பீரையும் விட்டாரு?" என்று கேட்டார். "அவரு விடல. அவருகூட வர்றவங்களுக்கு" என்றாள். "பிஸ்கட்டு?" என்றார். "கூட வர்றவங்க புள்ள குட்டியோட வரமாட்டாங்களா?" என்றாள். காலையில் போய்ப் பார்த்தால் முதல் இலையை நாயும் காக்கையும் இழுத்துப் போட்டிருக்கும். இரண்டாவது இலை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். யார் சாப்பிட்டது என்று தோட்டத்தில் ஒருவர்கூட ஒருவரைக் கேட்டதில்லை. படகில் வந்து இறங்கியவர்களா, வேலை செய்த இடத்தில் பெர்மிட் போய் ஓடி வந்தவர்களா, எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நாங்கள் செய்த உதவி. தெரிந்தால் சொல்ல வேண்டி வரும்.

இது எதுவும் தெரியாமல்தான் நீ அன்றைக்குக் கேமராவைக் கொண்டு வந்தாய். உன்னைக் கூட்டிக்கொண்டு போன எங்களுக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. உன் மாமா மகன் சர்வின், "அக்கா, காட்டுக்கா, ப்ளீஸ் லா" என்று உன் பின்னாலேயே சுற்றினான். கேமராவைக் காரின் முன்பக்கத்தில் வைத்து, படையலை முடித்துவிட்டு நடந்து வருகிற எங்களைக் காட்டினாய். உன் அம்மா வெள்ளையாகப் பேய் மாதிரி வந்தாள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நாங்கள் எல்லாரும் முனியாண்டிக்கு முதுகைக் காட்டி நின்றோம். கேமரா மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் திரையில் அவர்கள் வந்தார்கள். செம்பனைக்குள்ளிருந்து முதலில் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு இடுப்பு உயரத்துக்குச் சின்னதாக ஒன்று. கண்ணுக்கு அங்கே வெறும் இருட்டு. திரையில் பளிச்சென்று வெள்ளை. "ரேஞ்ச் சூப்பர்ப்பா" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய், பாதியில் நிறுத்திவிட்டாய். சின்னது உட்கார்ந்தது. பெரியது ஒன்று இலையிலிருந்து எடுத்து அதன் வாய்க்குக் கொண்டுபோனது. நான் உன் தோளுக்குமேல் எட்டி எட்டிப் பார்த்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. உன் அம்மாதான், "அணைடீ அத, அவங்க சாப்புடுறாங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நீ அணைத்திருந்தாய். அதை நான் பார்த்தேன், கவி. அவள் சொல்லி நீ அணைக்கவில்லை. உன் கை தானாகப் போனது.

ஆனால் அதற்குள் சர்வின் தன் போனில் அந்தத் திரையைப் பிடித்துவிட்டான். இந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனுக்கு அது நிஜமாகவே சாமியாகத்தான் தெரிந்தது. வெள்ளையாக ஒளி வீசிக்கொண்டு காட்டிலிருந்து வந்து படையல் சாப்பிடுகிறது என்றால் வேறு யார்? 'முனியாண்டி குடும்பத்தோடு வந்து அமுது செய்யும் காட்சி' என்று எழுதிப் போட்டுவிட்டான். நீ அன்றைக்கே கோலாலம்பூர் கிளம்பிவிட்டாய், உனக்கு இதெல்லாம் எட்டவில்லை. எட்டாமல் உன் அம்மா பார்த்துக்கொண்டாள், சர்வினை மிரட்டி அந்த வீடியோவையும் எடுக்க வைத்தாள். அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

மறுநாள் மத்தியானத்துக்குள் தோட்டத்துப் பாதையில் கார் நிறுத்த இடமில்லை. மலாக்கா டவுனிலிருந்து, ஜாசினிலிருந்து, தங்காக்கிலிருந்துகூட வந்தார்கள். மாலை, பழத்தட்டு, குழந்தைக்கு முடியெடுக்க வேண்டும் என்று ஒரு குடும்பம். ஒருவன் இளநீர்க்கடை போட்டுவிட்டான். சீனர் இரண்டு பேர் வந்து ஊதுபத்தி வைத்து, லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உன் மாமா பூசாரியாகி இத்தனை வருஷத்தில் கண்டிராத கூட்டம், மனுஷனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. உனக்கு போன் செய்து சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் சாமி கும்பிடாத கண்கள் அதைப் பார்க்க ஆரம்பித்தன. 'அது சாமி இல்லை, ஆளுங்க' என்று ஒருவன் எழுதினான். 'காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கானுங்க, யார் சோறு போடுறது?' என்று இன்னொருவன். அந்த வாரம் முடியவில்லை, விடிந்தும் விடியாத நேரத்தில் குடிநுழைவு அதிகாரிகளின் லாரி வந்தது. வந்தவர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள், அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஏற்றிக்கொண்டு போனது புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. வாய்க்கால் ஓரம் நீலக் கித்தானுக்குள் இருந்திருக்கிறார்கள். கோயிலில் காணாமல் போனது என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்த தூக்குச்சட்டி அங்கே இருந்ததாம். நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம்.

உன் மாமா எனக்குப் போன் செய்தார். "பர்மா பக்கத்து ஆளுங்களாம், மாப்ள. ஊர்ல மேலேருந்து குண்டு போட்டு வீடு போச்சுதாம். அந்தச் சின்னது அழுவகூட இல்ல மாப்ள. அழுதிருந்தாலும் பரவால்ல" என்றார். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு நானும் அழுதேன். பின்னால் இருந்த பிள்ளைகள், "அங்கிள், நெஞ்சு வலியா?" என்று பதறினார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குண்டு உங்கள் கம்பெனியுடையதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கேயோ ஒரு ஹோட்டலில், ஏதோ ஒரு கம்பெனியின் விருந்தில், அதற்கும் கைதட்டியிருப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு என்னைப் போல ஒரு அப்பன் அங்கேயும் நின்றிருப்பான். வீட்டை இடித்ததற்கும் காசு, இடிந்த வீட்டை விட்டு ஓடி வருகிறவனை இருட்டில் தேடிப் பிடிப்பதற்கும் காசு. நடுவில் ஓடுகிறானே, அவன் ஒருவனுக்குத்தான் இதில் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்த அன்றைக்கு இது எனக்குப் பேச்சாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் குழந்தை எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும்.

உன்மேல் தப்பே இல்லை என்று சொல்லித் தடவிக்கொடுக்க மாட்டேன், நீ அதை நம்பவும் மாட்டாய். எல்லாம் உன்னால்தான் என்றும் சொல்ல மாட்டேன். அதைக் காட்டியவள் நீ, எட்டிப் பார்த்தவன் நான், போட்டவன் சர்வின், பிஸ்கட் வைத்தவள் உன் அம்மா. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருத்தருக்குக்கூட இல்லை. அப்படியும் லாரி வந்தது. உங்கள் பேக்டரியிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, என் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? வீட்டுத் தவணை, தம்பி படிப்பு, அம்மா மருந்து என்று வந்து போகிறவர்கள். அந்த பஸ்ஸை ஓட்டித்தான் நானும் சாப்பிடுகிறேன். அதனால் மேலே ஏறி நின்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இடமில்லை. நீ நிற்கிற அதே தரையில் நின்றுதான் பேசுகிறேன்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு உன் கையில் இருந்த கேமராவை நீ அணைத்தாய். கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும், ஆள் வேண்டாம் என்கிறாயே, அந்தக் கோபுரத்தில் அணைக்கிற கை யாருடையது? "அவங்க சாப்புடுறாங்க" என்று அதன் பக்கத்தில் நின்று சொல்வதற்கு யார் இருப்பார்கள்? உன் மூளைக்கு இதற்குப் பதில் தெரிந்தால் போ, நானே உன்னை விமான நிலையத்துக்கு இதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன். பதில் தெரியாவிட்டால் திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆஸ்பத்திரிக் கேமராப் பிரிவில் உனக்கு இங்கேயே இடம் இருக்கிறது என்று நீதானே சொன்னாய். சின்ன வேலை என்றும் சொன்னாய். இருக்கட்டும். நான் அந்தக் காய்ச்சல் கேமரா முன்னால் நின்று உன்னை நினைத்துப் பெருமைப்பட்டது போல வேறு எதற்கும் பெருமைப்பட்டதில்லை. அந்தக் கோபுர வேலை எனக்குப் பிடிக்கவில்லை, கவி. அதை உடைத்துச் சொல்லிவிட்டேன். நீ போனாலும் என் மகள்தான். போகாவிட்டாலும் என் மகள்தான். கன்னம் ஒட்டிப்போனதற்கு இரண்டிலும் திட்டு உண்டு.

போன அமாவாசைக்கு நாங்கள் மறுபடி படையல் போட்டோம். உன் அம்மா அதே மாதிரி இரண்டாவது இலை வைத்தாள், பிஸ்கட்டும் வைத்தாள். காலையில் போனோம். சோறு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். மெர்லிமாவிலிருந்து வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள். இனிமேல் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்று உன் மாமா சொல்கிறார். வெளிச்சம் பட்ட இடத்துக்கு ஒளிகிறவர்கள் திரும்ப வருவதில்லையாம். உன் அம்மா கேட்கவில்லை. வருகிற அமாவாசைக்கு அரிசி இன்னும் கூட்டிப் போடப்போகிறேன் என்கிறாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லாததால் இதை அவள் சுவரிடம்தான் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன்.

வருகிற அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. பதில் சொல்வதற்கு முன் நீ எங்களைப் பார்க்க வருகிற நாள். கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வா. சாயங்காலம் உன்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் இலையை உன் மாமா வைக்கட்டும். இரண்டாவது இலையை இந்தத் தடவை நீ வை. உன் கையாலேயே சோற்றை அள்ளி வை, முட்டையை வை, பிஸ்கட்டை வாய்க்கால் பக்கமாகத் தள்ளி வை. யாராவது அங்கே இருக்கிறார்களா என்று தேடாதே. வைத்துவிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்து நட. திங்கட்கிழமை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்த நடையில் உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு இலை வைத்ததாக இருக்கட்டும்.

நான் காருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டித்தான் நிற்பேன். நீ வருகிறாயா என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். செருப்பைத் தேய்த்துக்கொண்டே வா மா. இந்த ஒரு தடவை திட்ட மாட்டேன்.

அப்பா